பழைய மடிக்கணினிக்கு எந்த லினக்ஸ்? இராமநாதபுரம் கடலோரத்துக்கு மின்ட், உபுண்டு, டெபியன் ஒப்பீடு

விண்டோஸ் 10க்கு இருந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கேட்கிறது. இன்டெல் பிராசசராக இருந்தால் 8ஆம் தலைமுறையாவது வேண்டும் என்கிறது. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை வீட்டு மேசைகளிலும் கடைகளிலும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பல கணினிகள் இந்தத் தேர்வில் தேறாது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்தவையும் இதில் அடக்கம். அவற்றில் முதல் சில ஆண்டுகளில் வந்தவை 2 ஜிபி ராம், சுழலும் ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7, கூடவே சி-டாக் உருவாக்கிய போஸ் லினக்ஸ் என்று வந்தன.

விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் போடலாம் என்று நினைக்கும்போது இவற்றை வைத்திருப்பவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: அதன் வகைகளில் மின்ட்டா, உபுண்டுவா, டெபியனா? இணையத்தில் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும், வீட்டில் வரம்பில்லா பிராட்பேண்டும் பக்கத்துத் தெருவில் விவரம் தெரிந்த நண்பரும் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. பெரியபட்டினத்திலோ தங்கச்சிமடத்திலோ உட்கார்ந்து முடிவெடுப்பவருக்கு நிலைமை வேறு. போன் ஹாட்ஸ்பாட்டில் நெட், ஐப்பசி கார்த்திகையில் அடிக்கடி கரண்ட் கட், எதையும் அரிக்கும் உப்புக்காற்று, ரிப்பேர் தெரிந்த மகன் துபாயில். இந்த நான்கையும் வைத்துப் பார்த்தால் மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

## முதலில், மாற்றக் கூடாத கணினிகள்

இ-சேவை மையம் நடத்துகிறீர்கள் என்றால் அந்தக் கணினியில் கைவைக்காதீர்கள். ஆதார் கைரேகைக் கருவிகளுக்கான ஆர்டி சர்வீஸ் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும்தான் வருகிறது. டாலியில் கணக்கு எழுதும் ஐஸ் கம்பெனி, பேஜ்மேக்கரிலும் கோரல்டிராவிலும் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம், போட்டோஷாப் இல்லாமல் வேலை நடக்காத ஸ்டூடியோ ஆகியவையும் இப்படித்தான். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் ஒயின் என்ற மென்பொருள் வழியாக டாலியை ஓட வைக்கலாம் என்று யாராவது சொன்னால், மாதக் கடைசியில் அது நின்றால் யார் வருவார்கள் என்று கேளுங்கள். பிழைப்பு ஓடும் கணினியில் விண்டோஸ் இருக்கட்டும். வேண்டுமானால் லினக்ஸைத் தனி எஸ்எஸ்டியில் போட்டுப் பழகுங்கள்.

பிள்ளைகளின் படிப்பு, பிரவுசிங், லிப்ரே ஆபிஸில் கடிதமும் கணக்கும், சினிமா, வங்கி இணையதளம், வாட்ஸ்அப் வெப் என்று இருக்கும் கணினிகளுக்குத்தான் மேற்கொண்டு சொல்வது.

## எதை வைத்து அளப்பது

நெட் செலவு. நாளுக்கு 1.5 அல்லது 2 ஜிபி தரும் பேக்கில் ஓடும் வீட்டில் 6 ஜிபி ஐஎஸ்ஓ (நிறுவும் கோப்பு) இறக்குவது மூன்று, நான்கு நாள் வேலை. இறக்குவது ஒருமுறைதான். அதன்பிறகு மாதாமாதம் வரும் அப்டேட்டும், கேட்காமலே தானாக இறங்குபவையும்தான் உண்மையான செலவு.

கரண்ட் போனால் என்ன ஆகும். மூன்றுமே இயல்பாக எக்ஸ்ட்4 கோப்பு முறையைத்தான் பயன்படுத்துகின்றன, அதனால் சும்மா இருக்கும்போது கரண்ட் போனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அப்டேட் பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போது போனால்தான் வினை. அப்போது எழுந்து நிற்க எது கைகொடுக்கிறது என்று பார்க்க வேண்டும்.

தூரத்திலிருந்து சரிசெய்ய முடியுமா. இதைத்தான் முதலிடத்தில் வைப்பேன். கீழக்கரையில் அம்மா, சிங்கப்பூரில் மகன் என்றால், எனிடெஸ்க், ரஸ்ட்டெஸ்க் போன்ற தொலைத்திரை மென்பொருளில் மகன் உள்ளே வந்து பார்க்க முடிய வேண்டும். அது முடியாதபோது திரையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "கீழ் அம்புக்குறியை இரண்டு தடவை அழுத்துங்கம்மா" என்று சொல்லியாவது மீட்க முடிய வேண்டும்.

பழைய வன்பொருளில் ஓடுவது, பிரிண்டர், தமிழ்த் தட்டச்சு ஆகியவை அடுத்த வரிசை. திரை அழகை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. மூன்றுமே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கீழே வரும் பெயர்களில் எக்ஸ்எஃப்சிஇ என்பது எடை குறைந்த டெஸ்க்டாப்; எல்டிஎஸ் நீண்டகால ஆதரவுப் பதிப்பு; நெட்இன்ஸ்ட் மீதியை நெட்டிலிருந்து இறக்கி நிறுவும் சிறு கோப்பு; ஸ்னாப் உபுண்டு செயலிகளைத் தரும் ஒரு முறை; வேலண்ட் திரையைக் காட்டும் புது அமைப்பு, எக்ஸ்11 (எக்ஸார்க்) அதன் பழைய வடிவம்.

| | மின்ட் 22 (எக்ஸ்எஃப்சிஇ) | உபுண்டு 24.04 எல்டிஎஸ் | டெபியன் 13 (எக்ஸ்எஃப்சிஇ) |
|---|---|---|---|
| ஐஎஸ்ஓ அளவு | சுமார் 3 ஜிபி | சுமார் 6 ஜிபி | நெட்இன்ஸ்ட் 700–800 எம்பி; முழு டிவிடி சுமார் 4 ஜிபி |
| நெட் இல்லாமல் நிறுவுதல் | முடியும் | முடியும் | டிவிடி கோப்பில் மட்டும் |
| நிம்மதியாக ஓட ராம் | 4 ஜிபி | 8 ஜிபி | 4 ஜிபி. 2இலும் தள்ளலாம் |
| தானாக இறங்குபவை | நீங்கள் இயக்கினால் மட்டும் | ஸ்னாப், பாதுகாப்பு அப்டேட் | குறைவு |
| மீட்பு மெனு | உண்டு | உண்டு | கறுப்புத் திரைக் கட்டளை மட்டும் |
| தொலைத்திரை | தடையில்லை | வேலண்டில் சிக்கல் | தடையில்லை |
| ஆதரவு | 2029 | 2029. உபுண்டு புரோவில் 2034 | 2028. நீண்டகால ஆதரவில் 2030 |

## மின்ட்

மின்ட் 22, உபுண்டு 24.04இன் மேல் கட்டப்பட்டது. ஆனால் உபுண்டுவில் இந்தக் கடலோரத்துக்கு ஒத்துவராத இரண்டு விஷயங்களை அது எடுத்துவிட்டது. ஸ்னாப் இயல்பில் கிடையாது; ஃபயர்பாக்ஸ் சாதாரணப் பேக்கேஜாகவே வருகிறது. எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு எக்ஸ்11இல் ஓடுவதால் தொலைத்திரை மென்பொருட்கள் எந்த அனுமதிப் பெட்டியும் கேட்காமல் வேலை செய்கின்றன. துபாயில் இருப்பவர் இரவு பத்து மணிக்கு உள்ளே வந்து பார்க்கலாம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து "அலவ்" அழுத்த வேண்டியதில்லை.

அப்டேட் மேனேஜர் வெறுமனே கேடய ஐகானில் புள்ளி வைத்துக் காத்திருக்கும். நீங்கள் அழுத்தினால்தான் இறக்கும். எத்தனை எம்பி என்பதை முன்கூட்டியே காட்டும். நிறுவிய அன்றே முழு அப்டேட் கொடுத்தால் பல நூறு எம்பி போகும். அதனால் நிறுவுவதற்கு முன்பே, ஃபைபர் இணைப்பு உள்ள இடத்தில் மின்ட்டின் அந்த நேரத்துப் புதிய துணைப் பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள். 22ஐவிட 22.2இல் பாக்கி குறைவாக இருக்கும். டாரண்ட் வழியாக இறக்கினால் சிக்னல் போய் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

மீட்பு விஷயத்தில் மின்ட்டுக்குக் கூடுதலாக, சிஸ்டத்தின் பிரதியை எடுத்துவைக்கும் டைம்ஷிஃப்ட் இருக்கிறது. முதல் நாளே திறந்து, ஆர்சிங்க் முறையைத் தேர்ந்து, வாரம் ஒன்று என்று இரண்டு பிரதிகள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் பிரதி ஏறக்குறைய சிஸ்டம் அளவுக்கே, அதாவது 8 முதல் 10 ஜிபி வரை இடம் பிடிக்கும். அடுத்தவை மாறியதை மட்டும் எழுதும். ஒன்றை மறக்கக் கூடாது: டைம்ஷிஃப்ட் சிஸ்டத்தை மட்டுமே காப்பாற்றும். உங்கள் போட்டோக்களும் கோப்புகளும் உள்ள ஹோம் அடைவை அது இயல்பில் தொடாது. அவற்றுக்குத் தனி பென் டிரைவோ வெளி டிஸ்க்கோ வேண்டும்.

அப்டேட் நடுவில் கரண்ட் போய், மறுபடி போட்டால் டெஸ்க்டாப் வராமல் நிற்கிறது என்று வையுங்கள். கணினி துவங்கும்போது யுஇஎஃப்ஐ இயந்திரத்தில் எஸ்கேப் பொத்தானையும், பழைய பயாஸ் இயந்திரத்தில் ஷிஃப்ட்டையும் பிடித்தால் கிரப் என்ற துவக்க மெனு வரும். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், பிறகு ரெகவரி மோட். வரும் பட்டியலில் எஃப்எஸ்சிகே என்பது டிஸ்க்கைச் சரிபார்க்கும். டிபிகேஜி என்பது பாதியில் நின்ற பேக்கேஜ்களை முடிக்கும். முதலில் எஃப்எஸ்சிகே, அடுத்து டிபிகேஜி, கடைசியில் ரெஸ்யூம். அம்புக்குறியும் என்டரும் தெரிந்தவர் போனில் கேட்டுக்கொண்டே இதைச் செய்துவிடலாம். மின்ட்டை நான் முன்னால் நிறுத்துவதற்கு இந்த மெனுவே பாதிக் காரணம்.

மறைசெலவுகள் இல்லாமல் இல்லை. சாஃப்ட்வேர் மேனேஜரில் பல செயலிகளுக்கு "ஃபிளாட்பேக்" (சிஸ்டத்தைச் சாராமல் தனிப் பொதியாக வருவது) என்ற குறி இருக்கும். முதல் ஃபிளாட்பேக் செயலி தனக்கான அடித்தளத்தையும் சேர்த்து இழுத்துவருவதால் பல நூறு எம்பி போய்விடும். அதே செயலி சிஸ்டம் பேக்கேஜாகக் கிடைத்தால் அதையே எடுங்கள். இரண்டாவது, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் பழைய பதிப்புகள் குவியும். அப்டேட் மேனேஜரின் விருப்பங்களில் ஆட்டோமேஷன் பக்கம் போய், தேவையற்ற கர்னல்களை நீக்கும் சுவிட்சைப் போட்டுவிடுங்கள். மூன்றாவது, 22இலிருந்து அடுத்த பெரிய பதிப்புக்குத் தாவுவது சில ஜிபி இறக்கம். அதை நெட் நன்றாக உள்ள ஊரில் வைத்துச் செய்வதே நல்லது.

8 ஜிபி ராம் இருந்தால் சற்றே கனமான டெஸ்க்டாப் உள்ள சினமன் பதிப்பு எடுக்கலாம். 4 ஜிபிக்கு எக்ஸ்எஃப்சிஇதான். பிரவுசரில் நான்கைந்து டேப் திறந்ததும் அந்த வித்தியாசம் கையில் தெரியும்.

## உபுண்டு

புது மடிக்கணினி, 8 ஜிபி ராம், வீட்டில் ஃபைபர் என்றால் உபுண்டுவை மறுக்கக் காரணமே இல்லை. கல்லூரியில் நிரலாக்கம் படிக்கும் பிள்ளைக்கு இதுவே மேல். பாடங்களிலும் வழிகாட்டிகளிலும் வரும் கட்டளைகள் அப்படியே ஓடும். உபுண்டு புரோவை 5 இயந்திரங்கள் வரை தனிநபர் இலவசமாகப் பெறலாம். ஆதரவு 10 ஆண்டாக நீளும்.

ஹாட்ஸ்பாட் வீட்டில் இது கசக்கும். ஸ்னாப் நாளுக்கு நான்கு முறை புது வரவு உண்டா என்று பார்த்து, இருந்தால் கேட்காமலே இறக்கும். ஃபயர்பாக்ஸே ஸ்னாப்பாக வருவதால் இதிலிருந்து எளிதில் தப்ப முடியாது. தடுக்க வழி உண்டு: நெட்வொர்க் அமைப்பில் அந்த வைஃபை இணைப்பை "மீட்டர்டு" என்று குறித்துவிட்டு, ஸ்னாப் அமைப்பில் "ரெஃப்ரெஷ் புள்ளி மீட்டர்டு" என்பதற்கு "ஹோல்டு" என்று மதிப்புக் கொடுக்க வேண்டும். ஆனால் இதைச் செய்யத் தெரிந்தவருக்கு இந்தக் கட்டுரையே தேவைப்படாது.

இன்னொன்று அன்அட்டெண்டட் அப்கிரேட். பாதுகாப்பு அப்டேட்டுகளைப் பின்னணியில் தானே நிறுவிக்கொள்ளும். நல்ல எண்ணத்தில் வைத்ததுதான். ஆனால் அது எந்த நிமிடம் ஓடுகிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பேட்டரி செத்துப்போன மடிக்கணினியில் அந்த நிமிடம் கரண்ட் போனால் மேலே சொன்ன ரெகவரி வேலைதான். அந்த மெனு உபுண்டுவிலும் இருக்கிறது என்பது ஆறுதல்.

தொலைத்திரை: உபுண்டு 24.04 இயல்பில் வேலண்டில் ஓடுவதால் வெளியிலிருந்து வருபவருக்கு ஒவ்வொரு முறையும் இங்கிருப்பவர் அனுமதி கொடுக்க வேண்டிவரும். லாகின் திரையில் பல்சக்கர ஐகானை அழுத்தி "உபுண்டு ஆன் எக்ஸார்க்" தேர்ந்தால் தீரும். ஆனால் 25.10 பதிப்பிலிருந்து அந்த வழி எடுக்கப்பட்டுவிட்டது. வெளிநாட்டுப் பிள்ளையின் உதவியை நம்பியிருக்கும் வீட்டுக்கு இது சின்ன விஷயமில்லை.

## டெபியன்

ஒருமுறை சரியாகப் போட்டுவிட்டால் மூன்றில் மிக அமைதியானது இதுதான். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் பேக்கேஜ் பதிப்புகள் அநேகமாக உறைந்தே இருக்கும். பாதுகாப்புத் திருத்தங்களும், சுமார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு தொகுப்பும் வரும். ஜெராக்ஸ் கடை, நூலகம், பள்ளி ஆய்வகம் என்று ஒரே வேலையை ஆண்டுக்கணக்கில் செய்யும் கணினிக்கு இந்தக் குணம் பொன்.

நிறுவுவதுதான் மலை ஏறுவது. மூன்று இடங்களில் பலரும் வழுக்குகிறார்கள்.

நெட்இன்ஸ்ட் கோப்பு சிறியது என்று ஆசைப்பட்டு எடுப்பது முதலாவது. மீதி ஒன்றரை ஜிபி அளவுக்கு நிறுவும்போதே இறக்கும். நடுவில் சிக்னல் போனால் டெஸ்க்டாப் இல்லாத பாதிச் சிஸ்டம்தான் மிஞ்சும். ஹாட்ஸ்பாட் வீட்டுக்கு முதல் டிவிடி கோப்பே சரி. அதில் நிறுவியபின் அப்டேட் கொடுத்தால், டிவிடியைச் செருகச் சொல்லி நிற்கும். மூலங்களின் பட்டியல் கோப்பில் சிடிராம் என்று தொடங்கும் வரியின் முன்னால் ஒரு # போட்டு, இணைய மிரர் வரியைச் சேர்த்தால் சரியாகும்.

இரண்டாவது, நிறுவும்போது ரூட் (தலைமை நிர்வாகி) கடவுச்சொல் கேட்கும் திரை. அங்கே கடவுச்சொல் கொடுத்துவிட்டால், உங்கள் சாதாரணப் பயனருக்கு சூடோ, அதாவது நிர்வாகியாகக் கட்டளையிடும் அதிகாரம் கிடைக்காது. பிறகு ஒவ்வொரு வழிகாட்டியிலும் உள்ள சூடோ கட்டளை "இந்தப் பயனர் பட்டியலில் இல்லை" என்று திட்டும். அந்தப் பெட்டியைக் காலியாக விட்டுத் தாண்டினால் முதல் பயனருக்கே அதிகாரம் வந்துவிடும். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் ரூட்டாக உள்ளே போய்ப் பயனரை சூடோ குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி நுழைய வேண்டும்.

மூன்றாவது வைஃபை. டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் (சிப்புகளை இயக்கும் சிறு மென்பொருள்) ஐஎஸ்ஓவிலேயே இருக்கிறது. அதனால் இன்டெல், ரியல்டெக் சிப்புகள் பெரும்பாலும் எழுந்துவிடும். பிராட்காம் சிப் இருந்தால் நான்-ஃப்ரீ பகுதியைத் திறந்து டிரைவரைத் தனியே நிறுவ வேண்டும். மின்ட்டில் இதற்கு டிரைவர் மேனேஜர் இருக்கிறது. நெட் இல்லாதபோது, நிறுவிய அதே பென் டிரைவிலிருந்தே எடுத்துக்கொள்ளவும் அது வழிசெய்யும்.

மீட்பில் டெபியன் பின்தங்குகிறது. ரெகவரி மோட் உண்டு, ஆனால் மெனு வராது. கறுப்புத் திரையில் கர்சர் துடிக்கும். போனில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி அடிக்க வைக்க வேண்டும்.

பத்து கணினி உள்ள இடத்தில் டெபியன் காட்டும் சிக்கனம் வேறெதிலும் எளிதில் கிடைக்காது. ஒரு கணினியில் ஏபிடி-கேச்சர்-என்ஜி நிறுவி, மற்ற ஒன்பதையும் அதன் வழியாக அப்டேட் எடுக்கச் சொன்னால் ஒவ்வொரு பேக்கேஜும் ஒருமுறைதான் இறங்கும். இதை மின்ட்டிலும் செய்யலாம். ஆனால் பதிப்புகள் அடிக்கடி மாறாத டெபியனில்தான் சேமிப்பு முழுதாகக் கைக்கு வரும்.

## மற்றவை, சுருக்கமாக

ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு. ஒவ்வொன்றுக்கும் ஆதரவு சுமார் 13 மாதம். அப்டேட் அளவும் பெரிது. வன்பொருள் மிகப் புதிதாக இருந்து, நெட் தாராளமாக இருந்தால் மட்டும். 32-பிட் பிராசசர் உள்ள மிகப் பழைய கணினி என்றால் டெபியன் 13இல் அதற்கு நிறுவும் கோப்பே கிடையாது. டெபியன் 12க்கு 2028 ஜூன் வரை நீண்டகால ஆதரவு உண்டு, அல்லது ஆன்டிஎக்ஸ் 23. ஆனால் இவற்றில் இன்றைய இணையதளங்களைப் பிரவுசரில் திறந்தால் மூச்சு வாங்கும். தட்டச்சுப் பழக, பாட்டுக் கேட்க என்று வைத்துக்கொள்ளலாம்.

## எதைப் போட்டாலும் வரும் செலவு

உப்புக்காற்றிலிருந்து தொடங்குவோம். கடலோரத்தில் "லினக்ஸ் சரியில்லை, தொங்குகிறது" என்று வரும் புகார்களில் பல, ராம் பட்டையின் பற்களில் படிந்த களிம்பால் வருபவை. நிறுவும்போது ஸ்குவாஷ்எஃப்எஸ் பிழை, உள்ளீடு-வெளியீட்டுப் பிழை என்று வந்தால் உடனே வேறு லினக்ஸ் தேடாதீர்கள். ராமைக் கழற்றிப் பற்களை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, காயவிட்டு, மறுபடி அழுத்திச் செருகுங்கள். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஒரு முழுச் சுற்றாவது ஓடவிடுங்கள். பென் டிரைவையும் மாற்றிப் பாருங்கள்.

ஹார்ட் டிஸ்க்குக்கும் இதே கதை. லைவ் திரையில் (நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓடுவது) டிஸ்க்ஸ் செயலியைத் திறந்து ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிஸ்க்கின் உடல்நிலை அறிக்கையைப் பாருங்கள். "ரீஅலோகேட்டட் செக்டர்", "கரன்ட் பெண்டிங் செக்டர்" ஆகியவற்றில் எண் ஏறியிருந்தால் டிஸ்க் சாகிறது. கோப்புகளை எடுத்துவிட்டு மாற்றுங்கள். அவை பூஜ்யமாக இருந்து, "யுடிஎம்ஏ சிஆர்சி எரர்" மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் நல்லதுதான். சாட்டா இணைப்பு முனையில் பிடிப்பில்லை. கழற்றிச் சுத்தம் செய்தால் அந்த எண் அதோடு நிற்கும். பழைய எண் அழியாது, ஏறாமல் இருந்தால் போதும். இந்த ஒரு வரியைப் பார்க்காமல் நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போட்டவர்கள் நிறைய. சுழலும் டிஸ்க்கை எப்படியும் மாற்றுவதாக இருந்தால் 240 ஜிபி எஸ்எஸ்டி போடுங்கள். எந்த லினக்ஸ் என்பதைவிட அதுவே வேகத்தைக் கூட்டும்.

கடிகாரம் அடுத்தது. மதர்போர்டில் உள்ள 2032 பட்டன் செல் தீர்ந்தால், கரண்ட் போய் வந்ததும் தேதி பல ஆண்டு பின்னால் போய்விடும். அப்போது எல்லா இணையதளமும் சான்றிதழ் பிழை காட்டும். அப்டேட்டும் "இந்தக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று நிற்கும். நெட்டைக் குறைசொல்லும் முன் தேதியைப் பாருங்கள். விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினியில் நேரம் சரியாக ஐந்தரை மணி தள்ளிப்போனால் செல் காரணமில்லை. விண்டோஸ் கடிகாரச் சிப்பில் இந்திய நேரத்தை எழுதுகிறது, லினக்ஸ் அதைக் கிரீன்விச் நேரம் என்று வாசிக்கிறது. டைம்டேட்சிடிஎல் கட்டளையில் "செட்-லோக்கல்-ஆர்டிசி 1" என்று கொடுத்தால் தீரும்.

மேசைக் கணினியை இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் இன்வெர்ட்டரின் பின்பக்கம் யுபிஎஸ் மோட் சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். சாதாரண மோடில் மாறும் நேரம் அதிகம், கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

பிரிண்டர்தான் பலரைத் திருப்பி விண்டோஸுக்கு அனுப்புகிறது. எப்சனின் எல் வரிசை இங்க் டேங்க் பிரிண்டர்கள் மூன்றிலும் எளிதாகச் சேரும். வைஃபை உள்ள புது மாடல்கள் பல டிரைவரே கேட்காது. ஹெச்பி லேசர்ஜெட் 1020 போன்றவற்றுக்கு ஹெச்பிலிப் என்ற டிரைவர் தொகுப்போடு ஒரு பிளக்இன்னும் இறக்க வேண்டும். இல்லையென்றால் வரிசையில் போன பிரிண்ட் வெளியே வராது. கேனான் எல்பிபி 2900 வைத்திருப்பவர்கள் யோசியுங்கள். அதன் கேப்ட் டிரைவர் 64-பிட் லினக்ஸில் 32-பிட் நூலகங்களைக் கேட்டு மல்லுக்கட்டும். ஜெராக்ஸ் கடையில் அந்தப் பிரிண்டர்தான் சோறு போடுகிறது என்றால் அந்தக் கணினியை விண்டோஸிலேயே விடுங்கள்.

வைஃபை வரவே இல்லையென்றால் போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் போடுங்கள். மூன்றிலும் டிரைவர் இல்லாமலே நெட் வரும். அதை வைத்து டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளைத் துவக்கத்தில் தடுக்கும் காவல்) இயங்கும் கணினியில் அப்படி நிறுவிய டிரைவருக்கு, ரீஸ்டார்ட்டில் நீலத் திரை ஒன்று வந்து சாவியைச் சேர்க்கட்டுமா என்று கேட்கும். அவசரத்தில் தாண்டிவிட்டால் டிரைவர் இருந்தும் வைஃபை எழாது. ரியல்டெக் 8723பிஇ சிப்பில் வைஃபை இருந்தும் ரூட்டர் அருகில் மட்டுமே பிடிக்கிறது என்றால் ஆன்டெனா தேர்வுதான் காரணம். அந்த மாடியூலின் ஆன்ட்-செல் மதிப்பை 1 அல்லது 2 என்று மாற்றிப் பாருங்கள்.

தமிழ்த் தட்டச்சுக்கு மூன்றிலும் ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருளும் அதன் எம்17என் பேக்கேஜும் வேண்டும். விசைப்பலகை லேஅவுட் பட்டியலிலேயே தமிழ்நெட் 99 இருக்கிறது என்று அதைத் தேர்ந்தால் புள்ளி தானாக விழாது, ஏமாறுவீர்கள். எம்17என் தரும் தமிழ்99தான் முழுமையானது. உபுண்டுவில் கீபோர்டு அமைப்பில் சேர்த்தால் முடிந்தது. மின்ட்டில் இன்புட் மெத்தட் கருவியில் ஐபஸ் தேர்ந்து வெளியேறி நுழைய வேண்டும். டெபியன் எக்ஸ்எஃப்சிஇயில் ஐஎம்-கான்ஃபிக் ஓட்ட வேண்டும். பாமினி, வானவில் கோப்புகளைத் திறக்க அந்த எழுத்துருக்களை ஹோம் அடைவின் ஃபாண்ட்ஸ் கோப்புறையில் போட்டால் போதும். பழைய விசைப்பலகையில் அவற்றைத் தட்டச்சு செய்வது இங்கே சிரமம். மெனுக்களை ஆங்கிலத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல்வேன். பிழைச் செய்தி ஆங்கிலத்தில் இருந்தால்தான் தேடினால் விடை கிடைக்கும்.

## யாருக்கு எது

ஹாட்ஸ்பாட் நெட், 4 ஜிபி ராம், ஊரில் உதவிக்கு ஆளில்லை: மின்ட் எக்ஸ்எஃப்சிஇ. கடலோர வீடுகளில் பலவற்றுக்கு இந்த வரியோடு முடிவு வந்துவிடும். 2 ஜிபி ராமில் தள்ள வேண்டியவர்கள் டெபியன் எக்ஸ்எஃப்சிஇ போட்டு, இசட்ராம் (ராமில் உள்ளதைச் சுருக்கி இடம் மிச்சம் பிடிப்பது) சேர்த்து, பிரவுசரில் ஓரிரு டேப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இன்னொரு 2 ஜிபி பழைய ராம் கிடைத்தால் வாங்கிப் போட்டுவிட்டு மின்ட்டுக்கு வருவது அதைவிட நல்லது. பள்ளி ஆய்வகமும் பிரவுசிங் சென்டரும் விவரம் தெரிந்த ஒருவர் கையில் இருந்தால் டெபியன், இல்லையென்றால் மின்ட். ஃபைபரும் புது மடிக்கணினியும் உள்ள மாணவருக்கு உபுண்டு. அங்கே நிறுவும்போது டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பயாஸில் இன்டெல் ஆர்எஸ்டி என்றிருப்பதை ஏஎச்சிஐ ஆக்க வேண்டும். விண்டோஸையும் வைத்திருப்பவர் அதற்கு முன் பிட்லாக்கர் மீட்புச் சாவியை எழுதிவைத்து, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிட வேண்டும். அணைக்காவிட்டால் விண்டோஸ் பகுதி லினக்ஸில் வாசிக்க மட்டுமே திறக்கும்.

விசைப்படகு, ஐஸ், மீன் ஏலம் சார்ந்த கடைக் கணினிகளை மாற்ற ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் நல்ல நேரம். வேலையும் குறைவு, கோளாறு வந்தால் பார்க்க அவகாசமும் உண்டு. அடைமழைக் காலத்தில் தொடங்க வேண்டாம்.

எதைத் தேர்ந்தாலும் பென் டிரைவிலிருந்து லைவ் திரையாக ஓடவிட்டு (டெபியனுக்கு இதற்கென்று தனி லைவ் ஐஎஸ்ஓ இருக்கிறது) அரை மணி நேரம் செலவிடுங்கள். திரை கறுப்பாக நின்றால் மின்ட்டில் கம்பாட்டிபிலிட்டி மோட், உபுண்டுவில் சேஃப் கிராஃபிக்ஸ். வைஃபை அடுத்த அறையிலும் பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, மூடித் திறந்தால் உறக்கத்திலிருந்து எழுகிறதா, உங்கள் பிரிண்டர் ஒரு சோதனைப் பக்கம் தருகிறதா, டிஸ்க்கின் ஸ்மார்ட் எண்கள் சுத்தமா என்று பாருங்கள். பழைய டிஸ்க்கில் உள்ள போட்டோக்களை வெளி டிஸ்க்கில் எடுத்து, அந்தப் பிரதியை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகே நிறுவும் ஐகானைத் தொடுங்கள்.